எட்டாம் எண்ணில் நின்றவர்

கொளத்தூரில் கலர் மீன் விற்கிற சின்னக்கேணித் தெருவில், அமிர்தவல்லி கடையின் ஃபிளவர்ஹார்ன் மீனுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பது முதன்முதலில் தெரிந்தது ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி வாக்கில். அதற்கு எத்தனையோ நாள் முன்பிருந்தே அவர் அங்கே நின்றிருக்கலாம் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். ஆனால் அவரைப் பார்க்கிற அளவுக்கு அன்றுவரை யாரும் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கியதில்லை.

சுருக்கியவன் எட்வின். பதினாறு வருடம் கல்யாண வீடுகளில் படமெடுத்து, முதுகுவலி வந்து, மேடை ஏறி இறங்க முடியாமல் மீன்களிடம் வந்து சேர்ந்தவன். தெருவில் எந்தக் கடைக்கு நல்ல மீன் வந்தாலும் வாட்ஸ்அப்பில் போட அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வந்து தொட்டியின் கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடைத்து, கடையின் டியூப் லைட்டை அணைத்து, தொட்டிக்கு மேலே மட்டும் ஒரு விளக்கை வைத்து, லென்ஸைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மீன் தன் பக்கம் திரும்புகிற வரை மூச்சை அடக்கிக் காத்திருப்பான். துவாரத்தை எப்போதும் முழுதாகத் திறந்து, இரண்டு புள்ளி எட்டில் வைத்திருப்பான். அப்படி எடுத்தால் மீனின் கண் மட்டும் ஊசிமுனை மாதிரி தெளிவாக விழும். செவுள் தாண்டியதும் மங்கல் தொடங்கி, பாசி பிடித்த பின்கண்ணாடியும் ஏர் பம்ப் குழாயும் சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பும் கரைந்து வெறும் நிறமாகிவிடும். கல்யாணங்களிலும் அவன் அப்படித்தான் எடுத்தான். பெண்ணின் முகம் மட்டும் தெளிவாக இருக்கும், பின்னால் முறைத்துக்கொண்டு நிற்கும் பங்காளிகள் எல்லாம் வட்ட வட்டமாக வெளிச்சமாகிவிடுவார்கள்.

அந்த ஃபிளவர்ஹார்னைக் கேட்டவர் சேலத்துப் பல் டாக்டர் ஒருவர். எட்வின் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது, ஆனால் தான் கண்ணை மட்டும் வாங்கவில்லை, நெற்றிப் புடைப்பும் விலாவின் கறுப்புப் புள்ளிகளும் வால் கிழிந்திருக்கிறதா இல்லையா என்பதும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எட்வின் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். அப்போது எதிரே அமிர்தவல்லி தீனி பாக்கெட்டைத் தூரமாகப் பிடித்து, இரண்டு கண்ணையும் கீற்றாகச் சுருக்கி, அதிலிருந்த சின்ன எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணைச் சுருக்குனா தெரியுதாக்கா?" என்றான்.

"முழுசா தொறந்தா எல்லாம் கலங்குது தம்பி. சுருக்குனா தெரியுது."

"லென்ஸும் அதேதான்க்கா. ஓட்டையைச் சின்னதாக்குனா கிட்ட இருக்கிறது, தள்ளி இருக்கிறது எல்லாம் சேர்ந்து தெரியும். வெளிச்சம்தான் நிறைய கேக்கும்" என்று சொல்லிவிட்டு, கூடுதலாக ஒரு விளக்கைத் தொட்டிமேல் வைத்து, துவாரத்தை நாலுக்குக் கொண்டுவந்தான். துவாரம் சுருங்கச் சுருங்க எண் ஏறும். செவுள் தெளிந்தது. ஐந்து புள்ளி ஆறில் புள்ளிகள் தெளிந்தன. எட்டில் வால் நுனிவரை தெளிந்தது. வாலுக்கு அப்பால் பின்கண்ணாடி தெளிந்தது. பின்கண்ணாடிக்கு அப்பால், சுவர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஆள் நின்றார்.

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான். எட்வின் எட்டிப் பார்த்தான். ஒட்டடையும் ஒரு செத்த பல்லியும் கிடந்தன. மறுபடி எடுத்தான். ஆள் நின்றார். தோள் தெரிந்தது, ஒரு பக்கம் சரிந்த தலை தெரிந்தது, முகத்துக்குப் பக்கத்தில் உயர்ந்த ஒரு கை தெரிந்தது. முகம் இருக்கிற இடத்தில் ஈரத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி மங்கல். அவன் லென்ஸைத் திருப்பி அந்த ஆளுக்கே குறிவைத்து, எத்தனை அடி என்று லென்ஸில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தான். கண்ணாடியிலிருந்து ஆறடி காட்டியது.

அமிர்தவல்லி படத்தைப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து மீனுக்குத் தீனி போட்டாள்.

"எத்தனை நாளா நிக்கிறாரோ" என்றாள்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் தனபால், மீனுக்குப் புழு எடுக்க வெள்ளை பக்கெட்டை மொபெட்டில் மாட்டிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போனவர், திரும்பி வரவில்லை. கால்வாயில் நாலு நாள் தேடினார்கள். மொபெட்டும் கிடைக்கவில்லை, பக்கெட்டும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. உறவுக்காரர்கள் வந்து பொட்டை எடுக்கச் சொன்னார்கள், அவள் எடுக்கவில்லை. அன்றிலிருந்து பகலில் ஒரு நாள்கூட அவள் கடையைப் பூட்டியதில்லை. சாப்பாடு அந்த ஸ்டூலில்தான், காய்ச்சல் வந்தால் படுக்கை தீனி மூட்டைமேல்தான். ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போன மகள் பூரணி, அங்கே வந்துவிடும்படி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கூப்பிடுவாள். உங்கப்பாவுக்குத் தெரிஞ்ச வாசல் இது ஒண்ணுதான் என்று அமிர்தவல்லி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லுவாள்.

கண்ணாடியிலிருந்து ஆறடி என்றால் அது சுவருக்கு அந்தப் பக்கம், குணசீலனின் ஜெராக்ஸ் கடைக்குள் வரும். எட்வின் நூல் பிடித்து அளந்து பார்த்தபோது அந்த ஆள் நிற்கிற இடத்தில் சரியாக ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. குணசீலன் படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய அண்ணன் இருபது வயதில் வீட்டைவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை, தலையை எப்போதும் இடது பக்கம் சரித்தே நிற்பார். குணசீலன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, அதைத் தனியாளாக இரண்டடி தள்ளிவைத்தார்.

"நிக்கிறவருக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுல்ல" என்றார்.

அந்த வாரத்திலிருந்து ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள். சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அங்கே போனால் கால் தானாக விலகியது. தரையைத் துடைத்தால் மற்ற இடமெல்லாம் காய்ந்துவிடும், அந்த இரண்டு பாத அகலம் மட்டும் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் சாயங்காலம்வரை ஈரமாகவே இருக்கும். எடுக்கிற ஒவ்வொரு நகலிலும் இடது ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாம்பல் நிழல் விழுந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்த பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜைத்தூன் பீ வந்தது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. அவள் தெருமுனையில் மீன் வலையும் பிளாஸ்டிக் செடியும் விற்கிறவள். மகன் வெளிநாட்டுக்குக் கப்பல் வேலைக்குப் போய் மூன்று வருடமாகப் பேச்சில்லை. எட்வினின் லேப்டாப்பில் படத்தைப் பார்த்ததும் உயர்ந்திருந்த அந்தக் கையை விரலால் தொட்டாள்.

"நெத்தியில விழற முடிய இப்படித்தான் தள்ளுவான்" என்றாள்.

அதன் பிறகு தெரு முழுக்க வந்தது. பக்கத்துத் தெருக்களிலிருந்தும் வந்தார்கள். காணாமல் போன ஒரு ஆளாவது இல்லாத வீடு அவ்வளவு குறைவு என்று எட்வினுக்கு அதுவரை தெரியாது. வந்தவர்கள் வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் படத்தைப் பார்த்து, ஒருவர் தோளைச் சொல்லி, ஒருவர் நிற்கிற விதத்தைச் சொல்லி, தங்கள் தங்கள் ஆளை அடையாளம் கண்டுகொண்டு, சத்தமில்லாமல் போனார்கள். ஒரே ஆளை இத்தனை பேர் சொந்தம் கொண்டாடியும் சண்டை வரவில்லை. ஒருவர் அழும்போது அடுத்தவர் நகர்ந்து இடம் விட்டார். பேச்சில் எண்கள் புழங்க ஆரம்பித்தன. அஞ்சுல பார்த்தா வெறும் புகை, எட்டுலதான் ஆள் என்று டீக்கடையில் கேமரா தொடாதவர்கள் பேசிக்கொண்டார்கள். வேறு மீனை அதே இடத்தில் வைத்து எடுத்தால் பின்னால் சுவர்தான் விழுந்தது. அதனால் அமிர்தவல்லி அந்த மீனை விற்கவில்லை. பல் டாக்டர் திங்கட்கிழமை தவறாமல் போன் செய்தார், அவள் திங்கட்கிழமை தவறாமல் இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்றாள்.

ஐப்பசியில் ஒரு நாள், யாருமில்லாத நேரத்தில், எட்வின் துவாரத்தைப் பதினொன்றுக்குச் சுருக்கி அடுத்தடுத்து மூன்று படம் எடுத்தான். முகத்தில் வாய் இருக்கிற இடம் தெரிந்தது, கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்பு தெரிந்தது. மூன்று படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது, முதல் படத்தில் இறங்கியிருந்த நெஞ்சு இரண்டாவதில் ஏறியிருந்தது, மூன்றாவதில் மறுபடி இறங்கியிருந்தது. மூன்றையும் அழித்துவிட்டு, கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

அது எப்படியோ குணசீலனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கடைக்காரர்கள் எல்லோரையும் கூட்டி, ஜெராக்ஸ் கடையில் அந்த ஈரமான இடத்தைச் சுற்றி நிற்கவைத்துப் பேசினார்.

"எட்டுக்கு மேல வேணாம். எட்டுல அவர் நம்ம எல்லாருக்கும் ஆளு. இன்னும் சுருக்குனா ஒருத்தருக்கு மட்டும்தான் ஆளு. மத்தவங்க எங்க போவோம்?"

எல்லோரும் சரி என்றார்கள். ஜைத்தூன் பீ சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அமிர்தவல்லி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரணி கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிறு அமிர்தவல்லியே போன் செய்தபோது, பூரணி கோபமில்லாத குரலில் பேசினாள்.

"நான் இனிமே கூப்பிட மாட்டேன்மா. நீ கடையிலயே இரு. எனக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லைன்னு நெனச்சுப் பழகிக்கிறேன்."

மறுநாள் மதியம், தெருவே சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அமிர்தவல்லி எட்வினைக் கூப்பிட்டனுப்பினாள்.

"பதினாறுல எடுத்துக் குடு தம்பி."

"அக்கா, வேணாம்னு பேசி வெச்சிருக்காங்க."

"தெரியும்."

"அவரா இல்லைன்னா?"

"அவரா இருக்கணும்னு நான் கேக்கல. இல்லைன்னு தெரிஞ்சாலும் போதும். பதினோரு வருஷமா பாதி மூச்சு விட்டுட்டு உக்காந்திருக்கேன்."

எட்வின் வீட்டுக்குப் போய்க் கல்யாணத்துக்கு வைத்திருந்த இரண்டு பெரிய விளக்குகளை எடுத்துவந்தான். கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். விளக்கைப் போட்டதும் தொட்டித் தண்ணீர் முழுக்க வெள்ளையாகப் பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. மீன் மிரண்டு கண்ணாடியில் முட்டியது.

"மூணு நிமிஷத்துக்கு மேல லைட்டு வேணாம், அது தாங்காது" என்றாள் அமிர்தவல்லி.

மீன் சுற்றிச் சுற்றி வந்து, களைத்து, நடுவில் நின்றது. எட்வின் எடுத்தான். ஒரே படம்தான்.

லேப்டாப்பைத் தீனி மூட்டைமேல் வைத்துத் திறந்தான். முதலில் மீன் தெரிந்தது. ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக, எண்ணிவிடலாம் போல. பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தை முட்டைகள் தெரிந்தன. அதற்கும் அப்பால், எந்த மங்கலும் இல்லாமல், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். இஸ்திரி போட்ட கட்டம்போட்ட சட்டை, முன் நெற்றி ஏறிய நரைத்த தலை, கொஞ்சம் தொப்பை, தடித்த கறுப்பு பிரேமில் மூக்குக்கண்ணாடி. உயர்ந்திருந்த கை, மூக்கிலிருந்து வழுக்கிய அந்தக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. மீன் தொட்டியை வேடிக்கை பார்க்கிறவர்கள் பார்க்கிற மாதிரி, சும்மா, அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது காதின் மடல் கீழே இரண்டாகக் கிழிந்து ஆறியிருந்தது.

எட்வின் நிமிர்ந்து சுவரில் மாட்டியிருந்த அமிர்தவல்லியின் கல்யாணப் படத்தைப் பார்த்தான். மாப்பிள்ளையின் இடது காதில் அதே கிழிசல் இருந்தது.

அமிர்தவல்லி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அவருக்குக் கண்ணாடி கெடையாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "செத்தவங்க கண்ணு டாக்டர்கிட்ட போவ மாட்டாங்க, இல்ல தம்பி?" என்றாள்.

எட்வின் அப்போதுதான் அந்த இன்னொரு கையைப் பார்த்தான். தொங்கிக்கொண்டிருந்த வலது கையின் ஆள்காட்டி விரலை நாலு சின்ன விரல்கள் பற்றியிருந்தன. குழந்தையின் விரல்கள். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் ரப்பர் வளையல். அதோடு படம் முடிந்திருந்தது. குழந்தை ஓரத்துக்கு வெளியே நின்றது.

விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் சொல்லலாமா வேண்டாமா என்று நினைத்து, கடைசியில் கேட்டுவிட்டான்.

"கேமராவ நாலு விரல் தள்ளி வெச்சு இன்னொண்ணு எடுக்கட்டுமாக்கா?"

அவள் அந்தச் சின்ன விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"வேணாம்" என்றாள். "லைட்ட அணை. மீன் பாவம்."

பிறகு, எதை அழுத்தினால் படம் அழியும் என்று கேட்டாள். எட்வின் காட்டினான். அவளே அழுத்தினாள்.

ஷட்டரைத் தூக்கியபோது வாசற்படியில் ஜைத்தூன் பீ உட்கார்ந்திருந்தாள். குணசீலன் சாப்பிட்ட கை காயாமல் நின்றிருந்தார். விளக்கு வெளிச்சம் ஷட்டருக்கு அடியில் தெருவரை வந்திருக்கிறது. அவர்கள் கோபப்படுவார்கள் என்று எட்வின் எதிர்பார்த்தான். யாரும் கோபப்படவில்லை. அவர்கள் முகத்தில் இருந்தது பயம்.

"பார்த்துட்டியா அமிர்தம்?" என்றாள் ஜைத்தூன் பீ.

"பார்த்தேன்க்கா."

"யாரு?"

அமிர்தவல்லி படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்காருக்கா."

"யாருன்னு கேட்டேன்."

"இஸ்திரி போட்ட சட்டை. உடம்பு போட்டிருக்கு. சாப்பாட்டுக்குக் குறையில்லைன்னு பார்த்தாலே தெரியுது. தனியா இல்ல, கூட ஆள் இருக்கு. நல்லா இருக்கார்."

ஜைத்தூன் பீ மறுபடி கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அவள் தோள் குலுங்கி அடங்கியது. "தனியா இல்லையே, அது போதும்" என்றாள் கடைசியில். குணசீலன் ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கண்ணனுக்கும் கசங்குன சட்டை ஆகவே ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குள் போனார்.

சாயங்காலத்துக்குள் சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. நல்லா இருக்காராம் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டார்கள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு இரண்டு மூன்று வீடுகளில் பாயசம் வைத்தார்கள். ஒரு வீட்டில் முப்பது வருடமாகக் கொடியில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து மடித்து உள்ளே வைத்தார்களாம்.

ஒரு வாரத்தில் அமிர்தவல்லி கடையைக் காலி செய்தாள். சின்ன மீன்களைத் தெருக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். ஃபிளவர்ஹார்னை ஆக்ஸிஜன் நிரப்பிய கவரில் விட்டு, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, எட்வின் சேலத்துக்கு பஸ்ஸில் போட்டுவிட்டு வந்தான். ஜெராக்ஸ் கடையில் தரை மூன்றாவது நாள் காய்ந்தது. மெஷினைப் பழைய இடத்துக்குத் தள்ளலாமே என்று யாரோ சொன்னதற்கு, இருக்கட்டும் பார்க்கலாம் என்று குணசீலன் சொல்லிவிட்டார். அமிர்தவல்லி தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஓசூருக்குப் போனாள். கடையின் சாவியை ஜைத்தூன் பீயிடம் கொடுத்தபோது, யாராச்சும் வந்து கேட்டா என்னா சொல்லட்டும் என்று அவள் கேட்டாள். கடைய மூடிட்டாங்கன்னு சொல்லுக்கா என்றாள் அமிர்தவல்லி.

எட்வின் மறுபடி இரண்டு புள்ளி எட்டுக்கே போய்விட்டான். வால் தெரியவில்லை என்று கடைக்காரர்கள் குறை சொன்னால், வாலுக்குத் தனியாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தான்.

பங்குனி பாதியில் சேலத்து டாக்டர் போன் செய்தார். மீன் நன்றாகச் சாப்பிடுகிறது, நிறம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

"நானும் ஒரு கேமரா வாங்கியிருக்கேன் எட்வின். நேத்து எட்டுல வெச்சு எடுத்தேன். மீனுக்குப் பின்னாடி ஒரு அம்மா நிக்கிறாங்க."

எட்வின் எழுந்து நின்றான்.

"எப்படி நிக்கிறாங்க சார்?"

"முகம் தெரியல. தோள்ல ஒரு பை மாட்டியிருக்காங்க. மீனைப் பார்க்கல, வேற பக்கம் திரும்பியிருக்காங்க. அவங்க நிக்கிற இடம் எங்க வீட்டு சாப்பாட்டு ரூம்ல வருது. கால் வலிக்கப்போவுதுன்னு என் வீட்டுக்காரி அங்க ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கா. போடலாம் இல்லையா? தப்பு ஒண்ணும் இல்லையே?"

"தப்பில்ல சார், போட்டு வைங்க" என்றான் எட்வின். "ஆனா அவங்க உக்கார மாட்டாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு அவங்களுக்கு."